மோரில் ஊறிய தட்டுகள்

வாசகர்களே, இன்று நாம் சற்றுத் தள்ளி நின்று பார்க்கப்போகும் இனத்துக்கு இருக்கட்டும்காரர் என்று பெயர். அகராதியில் தேட வேண்டாம், பெயர் இப்போதுதான் வைத்தது. ஆனால் இனம் மிகப் பழையது. இதற்குக் காடு வேண்டாம், மலை வேண்டாம். ஒரு வீடும் அந்த வீட்டில் ஒரு பரணும் இருந்தால் போதும், குஞ்சு பொரித்துக் குடும்பமாய் வாழும்.

அடையாளம் காண்பதும் சுலபம். கையில் ஏதாவது ஒரு தீர்ந்துபோன பொருள் இருக்கும். எதிரே குப்பைத்தொட்டி இருக்கும். கைக்கும் தொட்டிக்கும் இடையே ஒரு முழ தூரம்தான் இருக்கும். ஆனாலும் பொருள் போய்ச் சேராது. பிறந்தநாள் பரிசு சுற்றிவந்த பூப்போட்ட தாளைக் கிழியாமல் நகத்தால் உரித்து, நீவி, மடித்து, மெத்தைக்கு அடியில் வைத்துக்கொள்வார். குடை செத்த பிறகும் கம்பியை விடமாட்டார். செருப்பு அறுந்தால் வாரை எடுத்துக்கொண்டு, வாரும் அறுந்தால் அதன் கொக்கியை எடுத்துக்கொண்டு, கொக்கியும் துருப்பிடித்தால் அந்தத் துருவைத் தேய்த்து எடுக்க ஒரு பழைய உப்புத்தாளைத் தேடிக்கொண்டு பரண் ஏறுவார். "இது எதுக்குங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "இருக்கட்டும்" என்பார். "எதுக்கு இருக்கணும்?" "ஒரு நாளைக்கு ஆவும்." அந்த ஒரு நாள் இதுவரை எந்த நாட்காட்டியிலும் அச்சாகவில்லை.

இவரைக் கஞ்சர் என்று நினைத்துவிடாதீர்கள், அது பெரிய அநியாயம். கஞ்சர் புதிதாக வாங்கமாட்டார். இவர் தாராளமாக வாங்குவார். டீக்கடையில் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்வார். டீ குடித்த காகித டம்ளரைத்தான் வீசமாட்டார். காரணம் இரக்கம். சட்டையைப் பத்து வருடம் உடுத்துகிறோம், சைக்கிளை இருபது வருடம் மிதிக்கிறோம். இந்த டம்ளர் பாவம் என்ன தப்புச் செய்தது? பிறந்து, ஒரே ஒரு டீயைச் சுமந்து, அதோடு கதை முடிந்ததா? டம்ளரைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொள்வார். மனிதர் செத்த வீட்டில் கல்லாய் உட்கார்ந்திருப்பவர், ஐஸ்கிரீம் கரண்டிக்காக உருகிப்போவார்.

இந்த இனத்தில் ஒருவரை எடுத்துப் பார்ப்போம். பெயர் மாதவராஜ். தருமபுரியில், கீழே மருந்துக்கடையும் மேலே எக்ஸ்ரேயும் நடுவே ரத்தப் பரிசோதனையுமாக நிற்கிற ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேப் பொறுப்பாளர். கைராசிக்காரர். நரம்பே தெரியாத கையிலும் ஊசி போட்டதே தெரியாமல் ரத்தம் எடுப்பார். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஒரே ஒரு தகராறு, குப்பைத்தொட்டியோடுதான்.

தினமும் காலையில் தொட்டியை எடுக்க வருபவர் அரூர்ப் பக்கத்துத் தீர்த்தம்மாள். அவர் தொட்டியின் ஒரு காதைப் பிடிப்பார். மாதவராஜ் மறு காதைப் பிடிப்பார்.

"உடுங்க சார். வண்டிக்காரன் கீழ நின்னு கத்துறான்."

"இரும்மா, ஒரு நிமிசம். அந்த மூடி நல்லாத்தான இருக்குது? அத எதுக்குப் போட்ட?"

"நீங்கதான் சார் போட்டீங்க."

"தெரியாம போட்டிருப்பன். குடு இங்க."

இப்படித் தொட்டிக்குள் போனதில் பாதி மேலே வந்துவிடும். மேலே வந்ததெல்லாம் ஸ்டோர் ரூமுக்குப் போய்விடும். ஸ்டோர் ரூமுக்குள் ஆள் போகமுடியாமல் ஆகிப் பல காலம் ஆகிறது. அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் தீர்த்தம்மாள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்.

இந்த நிலைமையில்தான் லேப்புக்கு அந்த லேசர் இயந்திரம் வந்தது.

ஆஸ்பத்திரிக்கே அது திருவிழா. ஒரு நோயாளியின் உடம்பில் இருக்கும் கிருமி எது என்று கண்டுபிடிக்க முன்பெல்லாம் நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும். இது கொஞ்ச நேரத்தில் சொல்லிவிடும். எப்படி? பளபளவென்று முகம் தெரிகிற மெல்லிய தட்டு ஒன்று உண்டு, உள்ளங்கை அளவு. அதன்மேல் வரிசையாகச் சின்னச் சின்ன வட்டங்கள். ஒரு வட்டத்தில் நோயாளியின் கிருமியைக் குங்குமப் பொட்டு வைப்பதுபோல் தடவி, மேலே ஒரு சொட்டு அமிலக் கரைசல் விட்டுக் காயவைத்து, தட்டை இயந்திரத்துக்குள் தள்ளிவிட வேண்டும். உள்ளே லேசர் சுடும். கிருமியின் புரதங்கள் சிதறிப் பறக்கும். லேசானது முந்தி ஓடும், கனமானது பிந்தி வரும். எது எப்போது வந்து சேர்ந்தது என்று கணக்குப் பார்த்து, இயந்திரம் கிருமியின் பெயரைச் சொல்லி, தன் பதிலுக்குத் தானே ஒரு மதிப்பெண்ணும் போட்டுக்கொள்ளும். சந்தேகமாக இருந்தால் குறைத்துப் போடும். நிச்சயமாக இருந்தால் கூட்டிப் போடும். நம்மில் யார் இவ்வளவு நேர்மையாகப் பேசுகிறோம்?

இயந்திரத்தைப் பொருத்திக்கொடுக்க பெங்களூரிலிருந்து வந்த இன்ஜினியர், தட்டுப் பெட்டி ஒன்றைத் திறந்து காட்டி விளக்கினார்.

"முன்னாடி ஸ்டீல் தட்டு சார். கழுவிக் கழுவி யூஸ் பண்ணணும். சரியா கழுவலன்னா பழைய சாம்பிளோட மிச்சம் ஒட்டிட்டு, அடுத்த ஆளோட ரிசல்ட்ல வந்து நிக்கும். அந்தத் தொல்லையே வேணாம்னுதான் இது. டிஸ்போசபிள். ஒரு தடவ யூஸ் பண்ணுங்க, தூக்கிப் போடுங்க."

மாதவராஜின் முகம் வாடிவிட்டது. "ஒரே தடவையா?"

"ஒரே தடவை சார்."

"இவ்ளோ பளபளன்னு இருக்குதுங்களே?"

"பளபளன்னு இருந்தாலும் ஒரே தடவைதான் சார்."

இன்ஜினியர் பெங்களூர் போய்ச் சேர்வதற்குள் மாதவராஜ் பெட்டியின் மேல் அச்சடித்திருந்ததை ஆராய்ந்து முடித்துவிட்டார். அதில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் இரண்டு என்ற எண். அதன்மேல் குறுக்கே ஒரு கோடு. இரண்டாம் தடவை பயன்படுத்தாதே என்று உலகம் முழுக்கப் புரிந்துகொள்கிற அடையாளம் அது. மாதவராஜ் அதை நெடுநேரம் பார்த்தார். இரண்டு கூடாது என்றுதானே போட்டிருக்கிறான்? மூன்று கூடாது என்று எங்கே போட்டிருக்கிறான்? கோடு விழுந்தது இரண்டுக்கு மட்டும்தானே? இரண்டாவது தடவையை எப்படியாவது தாண்டிவிட்டால், மூன்று, நான்கு, ஐந்து என்று வழி திறந்தே கிடக்கிறது. இருக்கட்டும்காரர் மனசு வைத்தால் எந்தச் சட்டமும் அவர் பக்கம்தான் பேசும்.

ஆக, கழுவுவது என்று முடிவாகிவிட்டது. எதில் கழுவுவது?

இங்கே அவர் மனைவி சுகுணாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுகுணாவுக்குத் தயிர் ஆகாது. ஆகாது என்றால் சும்மா பிடிக்காது என்பதில்லை. வாசனை வந்தாலே குமட்டும். இரவில் மாதவராஜ் களியைத் தின்று முடித்து, கடைசியாகச் சோற்றில் தயிரைப் பிசைய ஆரம்பித்ததும், சுகுணா தன் தட்டை எடுத்துக்கொண்டு வாசல் படிக்குப் போய்விடுவார். ஆகவே தினமும் தயிர் மிச்சமாகும். மிச்சமாவதை மாதவராஜ் கொட்டுவாரா? மோராக்குவார். மோர் புளிக்கும். புளித்ததையும் கொட்டுவாரா? அதில் பித்தளைச் சாமானை ஊறப்போட்டுத் தேய்த்தால் எப்படி மின்னும் என்பது ஊரறிந்தது. குத்துவிளக்கு மின்னும்போது தட்டு மின்னாதா?

மறுநாளே ஊறுகாய் வந்த பழைய ஜாடியில் புளித்த மோர் லேப்புக்குப் போனது. பயன்படுத்திய தட்டுகளைச் சோப்பில் அலசி, மோரில் ஊறவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் வட்டம் வட்டமாகத் தேய்த்து, தண்ணீரில் முக்கி எடுத்து, ஸ்டோர் ரூமில் கொடி கட்டித் துணிக் கிளிப் மாட்டிக் காயப்போட்டார். காற்றில் தட்டுகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். ஆயுத பூஜைக்குத் தோரணம் கட்டியிருக்கிறார் என்று தீர்த்தம்மாள் முதலில் நினைத்தார். ஆயுத பூஜை போய்ப் பொங்கலும் போனது. இன்ஜினியர் திறந்து காட்டிய பெட்டி தீரத் தீரத் தோரணம் மட்டும் நீண்டுகொண்டே போனது. அதன்பின் வந்த புதுத் தட்டுப் பெட்டிகளோ வந்தது வந்தபடி, ஒட்டு பிரிக்காமல், இரும்பு அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தன. அவை நல்ல சாம்பிளுக்கு. நல்ல சாம்பிள் என்றால் என்ன? கலெக்டருக்குக் காய்ச்சல் வரட்டும், அப்போது பார்க்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

கோடை வந்தது. வெயிலில் ஜாடி மோர் முன்னைவிட நுரைத்துப் புளித்தது. கூடவே அதிசயமும் வந்தது.

முதலில் பென்னாகரத்து லாரி டிரைவர் ஒருவர் காலில் சீழ் பிடித்து வந்தார். சாம்பிளைத் தட்டில் வைத்துத் தள்ளினால், இயந்திரம் யோசித்துவிட்டு லாக்டோபேசில்லஸ் என்றது. தயிரில் குடியிருக்கும் பாக்டீரியா. அடுத்து ஏரியூரிலிருந்து நீர்க்கடுப்போடு வந்தவருக்கும் தயிர். தொண்டைப்புண் வந்த வாத்தியாருக்கும் தயிர். காதில் சீழ் வந்த கைக்குழந்தைக்கும் தயிர். ஜில்லா முழுவதும் யாரோ உறை ஊற்றிவிட்டுப் போனதுபோல் ஆகிவிட்டது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் வேறு மாதிரி தெரிகிறதே என்று அந்த ஆஸ்பத்திரியின் டாக்டர் வெண்மதி ஓரிரு தடவை யோசித்ததுண்டு. ஆனால் இவ்வளவு பெரிய இயந்திரம் வாய் திறந்து சொன்ன பிறகு, சொந்தக் கண்ணை யார் நம்புகிறார்கள்?

வெண்மதி இளம் டாக்டர், கெட்டிக்காரி. அதனால் அவருக்கு உடனே ஒரு விளக்கம் கிடைத்துவிட்டது. கெட்டிக்காரர்களிடம் இதுதான் தொல்லை. வெயிலுக்காகப் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கட்சிக்காரர்கள் மோர்ப்பந்தல் போட்டிருந்தார்கள். நோயாளிகளை விசாரித்தால், அந்த வழியாக வந்தவர்கள் எல்லோரும் அங்கே ஒரு டம்ளர் குடித்திருந்தார்கள். குடிக்காமல் தருமபுரி வெயிலைத் தாண்டி வர முடியுமா? கைக்குழந்தையின் அம்மாகூட இரண்டு டம்ளர் குடித்ததாக ஒத்துக்கொண்டார். போதாதா? வெண்மதி நேரில் போய்ப் பேசிப் பந்தலை மூடவைத்தார். கட்சிக்காரர்கள் கொடியோடு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"எங்க மோர்ல என்னாங்க டாக்டரம்மா கொற? கருவேப்பில போட்டோம், இஞ்சி போட்டோம். எதிர்க்கட்சி போட்டா மட்டும் கிருமி வராதுங்களா?"

"எந்தக் கட்சி மோரா இருந்தாலும் இப்போதைக்கு வேணாங்க. ரிசல்ட் அப்பிடி வருது."

இத்தனையும் நடந்துகொண்டிருக்கும்போது மாதவராஜ் என்ன செய்தார்? அவரும் வியந்தார். நோயாளிகளிடம் தயிரைக் குறைக்கச் சொல்லி உருக்கமாக எடுத்துச் சொன்னார். சொல்லிவிட்டு உள்ளே போய் அடுத்த தட்டை மோரில் போட்டார். அவரைக் கேலி செய்யாதீர்கள். தன் கை செய்வதைத் தன் கண்ணால் பார்ப்பது எல்லோருக்கும் கைவந்த கலை இல்லை. நல்லவேளையாக வெண்மதி எல்லோருக்கும் பொதுவான மருந்து கொடுத்து வைத்ததால், லாரி டிரைவர் முதல் கைக்குழந்தை வரை எல்லோரும் தேறிவிட்டார்கள். தயிர் மட்டும் தடைசெய்யப்பட்டது.

அந்த வாரம்தான் சுகுணா விழுந்தார்.

முதலில் இடுப்பில் வலி என்றார். அப்புறம் குளிர். அப்புறம் போர்வைமேல் போர்வை போட்டும் கட்டில் ஆடுகிற அளவுக்கு நடுக்கம். தன் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்துவிட்டு, மாதவராஜ் தன் கையாலேயே மனைவிக்கு ரத்தம் எடுத்தார். ரத்தத்தில் கிருமி வளர்ந்தது. அதை எந்தத் தட்டில் வைப்பது? மனைவியாயிற்றே, ஏதோ ஒரு தட்டில் வைத்துவிட முடியுமா? கொடியில் தொங்கியவற்றை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, எது அதிக நாள் ஊறியதோ, எதை அதிகம் தேய்த்தாரோ, எது கண்ணாடிபோல் மின்னியதோ, அதைப் பாசத்தோடு தேர்ந்தெடுத்தார்.

இயந்திரம் இந்தத் தடவை யோசிக்கவே இல்லை. பட்டென்று தயிர் என்றது. மதிப்பெண்ணை வாரி வழங்கியது. இதுவரை எந்த நோயாளிக்கும் அது இவ்வளவு உறுதியாகப் பேசியதில்லை.

வெண்மதி ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு வார்டுக்கு வந்தார். சுகுணாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். கொதித்தது. பொதுவான மருந்து இரண்டு நாளாகப் போய்க்கொண்டிருந்தும் காய்ச்சல் அசையவில்லை.

"அக்கா, மறைக்காம சொல்லணும். தயிர் எவ்வளவு சாப்புடுவீங்க?"

"தயிரா? எனக்கு அந்த வாசனையே ஆவாதுங்க மேடம்."

"மோரு?"

"அதுவும் ஆவாதுங்க."

"கல்யாண வூட்டுல, விசேசத்துல?"

"பந்தில தயிர் வாளி வந்தாலே நான் எலைய மூடிட்டு எந்திரிச்சிருவனுங்க."

வெண்மதி மாதவராஜை ஓரமாக அழைத்தார். "சார், அக்கா எதையோ மறைக்கிறாங்க. மெஷின் இவ்ளோ நிச்சயமா யாருக்குமே சொன்னதில்ல. நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க. நான் தயிர்க் கிருமிக்குன்னு மருந்த மாத்துறேன். நாளைக்கும் எறங்கலன்னா சேலத்துக்கு அனுப்பிரலாம். ரத்தத்துல ஏறியிருக்குது சார், வெளையாட்டு இல்ல."

சுகுணா தலையணையிலிருந்து தலையைத் தூக்க முயன்றார். பாதிதான் தூக்க முடிந்தது.

"என்னாங்க, நான் திருட்டுத்தனமா தயிரு தின்னன்னு சொல்றாங்க. நீங்க நின்னு கேட்டுக்கிட்டு இருக்கீங்க?"

உலகத்தில் எல்லோரும் இயந்திரத்தை நம்பலாம். மாதவராஜால் முடியாது. தட்டை எடுத்துக்கொண்டு வாசல் படிக்குப் போகிற இந்தப் பெண்ணைக் கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். மழை பெய்தால்கூடக் குடையைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்து தின்பாள். இவளுக்குள் தயிர் எந்த வழியாகப் போயிருக்கும்? இவள் உடம்புக்குள் போகவில்லை என்றால், அது வேறு எங்கே இருந்தது? ஊறுகாய் ஜாடி அவர் கண்முன் வந்தது. மாற்றப்போகிற மருந்து தப்பு என்று டாக்டருக்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் மாதவராஜ்தான். ஐயோ, இவளை நானே கொன்றுவிடுவேனோ என்று பயம் பிடித்துக்கொண்டது.

லேப்புக்கு ஓடினார். இரும்பு அலமாரியைத் திறந்தார். புதுத் தட்டுப் பெட்டி கையில் வந்தது. பார்த்தீர்களா, இந்த நேரத்திலும் இனத்தின் குணம் போகவில்லை. பெட்டியின் மேலுறையில் ஒட்டுநாடாவின் நுனி எங்கே என்று அவர் நகம் தானாகத் தேட ஆரம்பித்துவிட்டது. நல்ல உறை, கிழியாமல் எடுத்தால் பின்னால் எதற்காவது ஆகும். நுனி கிடைக்கவில்லை. பெட்டியைத் திருப்பினார். அந்தப் பக்கமும் கிடைக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் வார்டிலிருந்து கட்டில் கிறீச்சிடுகிற சத்தம் கேட்டது. மறுபடியும் குளிர் வந்து அவள் நடுங்குகிறாள்.

மாதவராஜ் உறையைக் கிழித்தார். குறுக்காக, கோணலாக, பல்லைக் கடித்துக்கொண்டு, பர்ரென்று கிழித்தார். கிழித்ததைக் கீழே போட்டார். போட்டதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வாசலில் துடைப்பத்தோடு நின்ற தீர்த்தம்மாள் இதைப் பார்த்துவிட்டார். துடைப்பம் கைநழுவி விழுந்தது.

"டாக்டரம்மா! ஓடியாங்க, ஓடியாங்க! சாரு கவரக் கிழிச்சிக் கீழ போட்டுட்டாரு! சாருக்கு என்னமோ ஆயிருச்சி!"

வெண்மதி ஸ்டெதஸ்கோப்போடு ஓடிவந்தார். மாதவராஜின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். "என்ன சார் பண்ணுது? நெஞ்சு வலிக்குதா?"

"மேடம்," என்றார் மாதவராஜ். "சுகுணாவுக்குத் தயிர் இல்லீங்க. டிரைவருக்கும் இல்லீங்க, வாத்தியாருக்கும் இல்லீங்க. யாருக்குமே தயிர் இல்லீங்க மேடம். தட்டுக்குத்தான்."

"எந்தத் தட்டுக்கு?"

மாதவராஜ் ஸ்டோர் ரூம் கதவைத் தள்ளினார். சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக விழுந்து, கொடியில் வரிசை வரிசையாகத் தொங்கிய தட்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் மின்னின. கீழே ஊறுகாய் ஜாடி. அதில் ஊறிக்கொண்டிருந்தவை தனி. வாசனையும் வந்தது.

"எத்தன சார் இது?"

"எண்ணல மேடம்."

"இது எல்லாமே..."

"கழுவுனதுங்க. மோர்ல."

வெண்மதி அங்கேயே இருந்த ஒரு கால் உடைந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அதுவும் மாதவராஜ் எடுத்து வைத்ததுதான்.

"சார். நான் மோர்ப்பந்தல மூட வெச்சேன்."

"ஆமாங்க மேடம்."

"கைக்கொழந்தையோட அம்மாவத் திட்டுனேன்."

"ஆமாங்க மேடம். நானும் ரெண்டு வார்த்த சொன்னேன்."

அதற்கு மேல் திட்டுவதற்கு நேரம் இல்லை. புதுத் தட்டில், யாரும் தொடாத வட்டத்தில், சுகுணாவின் கிருமியை மாதவராஜ் தடவினார். கரைசல் விட்டார். அது காய்கிற வரைக்கும் இரண்டு பேரும் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தீர்த்தம்மாள் தன் ஊர்ச் சாமி குடியிருக்கும் தீர்த்தமலை இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டார். இயந்திரம் தட்டை விழுங்கியது. முனகியது. பிறகு சொன்னது, ஈ.கோலை என்று. எல்லோர் குடலிலும் சாதாரணமாகக் குடியிருந்து, எப்போதாவது வழிதவறிச் சிறுநீரகத்தில் ஏறி, அங்கிருந்து ரத்தத்துக்குள் புகுந்துகொள்கிற கிருமி. தயிருக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

மருந்து மாறியது. மறுநாள் நடுக்கம் நின்றது. அதற்கு மறுநாள் சுகுணா களி வேண்டும் என்று கேட்டார். மாதவராஜ் ஆஸ்பத்திரிக் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து களி வாங்கப் போனார்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பழைய சாம்பிள்கள் எல்லாம் புதுத் தட்டில் ஏறின. ஜில்லாவிலிருந்து தயிர் ஒரே நாளில் விலகியது. மோர்ப்பந்தலை டாக்டர் வெண்மதியே நேரில் போய்த் திறந்து வைத்து, கட்சிக்காரர்கள் போனில் படம் பிடிக்கப் பிடிக்க டம்ளர் டம்ளராகக் குடித்துக் காட்ட வேண்டியதாயிற்று. அன்றைக்கு அவருக்கு ஜலதோஷம் பிடித்ததற்கு எந்தக் கிருமி காரணம் என்று யாரும் பரிசோதிக்கவில்லை. மாதவராஜை என்ன செய்வது என்று நிர்வாகம் கூடி யோசித்தது. நல்ல கை, விடவும் மனசில்லை. ஆகவே ஒரே ஒரு தண்டனை கொடுத்தார்கள். கொடியில் இருந்த தட்டுகள் ஒவ்வொன்றையும் அவரே தன் கையால் எடுத்துக் கழிவுப் பைக்குள் போட வேண்டும். அதைவிடச் சம்பளத்தை நிறுத்தியிருக்கலாம்.

தீர்த்தம்மாள் சிவப்புப் பையின் வாயை அகலமாக விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் தேர் நிலைக்கு வந்த சந்தோஷம். மாதவராஜ் ஒவ்வொரு தட்டாகக் கிளிப்பிலிருந்து கழற்றினார். ஒவ்வொன்றையும் ஒரு தரம் தடவிப் பார்த்தார். "போய்ட்டு வா" என்று முணுமுணுத்தார்.

"போய்ட்டு வர்றதெல்லாம் வேணாம் சார்," என்றார் தீர்த்தம்மாள். "போவட்டும், அவ்ளோதான்."

சுகுணா வீடு திரும்பியதும் அவர் பங்குக்கு அவரும் ஒரு தண்டனை வைத்திருந்தார். பரண் காலியாக வேண்டும். மாதவராஜே ஏணி வைத்து ஏறி ஒவ்வொன்றாக இறக்கினார். குடைக் கம்பி முதல் செருப்புக் கொக்கி வரை ஒரு டெம்போ நிறையப் போனது. சுகுணா தூக்கிப் போடுவதில் சூரர். முந்தாநாள் வாங்கியதையே இன்றைக்கு வீசுவார். இடுப்பு வலி இன்னும் போகவில்லை, இருந்தாலும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, டெம்போ தெரு முனை திரும்புகிற வரை பார்த்து ரசித்தார்.

அப்புறம்தான் மாதவராஜ் சட்டைப் பையிலிருந்து அதை எடுத்தார். எடுத்து, தயங்கித் தயங்கி, மனைவியின் மடியில் வைத்தார். உள்ளங்கை அளவு, பளபளவென்று ஒரு தட்டு. ஒரே ஒரு வட்டத்தில் மட்டும் வெள்ளையாக ஒரு காய்ந்த பொட்டு.

"என்னாங்க இது? இன்னும் ஒண்ணு ஒளிச்சி வெச்சிருந்தீங்களா?"

"இது உன்னுது சுகுணா. இதுலதான் உன் கிருமி பேரு தெரிஞ்சது."

"அப்ப இதுதான் அந்தப் புதுத் தட்டா?"

"ஆமா."

"கழுவிட்டீங்களா?"

"இல்ல," என்றார் மாதவராஜ். "கழுவ மனசு வரல."

சுகுணா அவரை நிமிர்ந்து பார்த்தார். இந்த மனிதர் ஒரு பொருளைக் கழுவாமல் விட்டு அவர் பார்த்ததே இல்லை. தட்டைக் கையில் எடுத்தார். எழுந்து குப்பைத்தொட்டியருகே போனார். மூடியைத் திறந்தார். மாதவராஜ் கண்ணை இறுக மூடிக்கொண்டார். விழுகிற சத்தம் கேட்கும் என்று காத்திருந்தார். கேட்கவில்லை. கண்ணைத் திறந்தபோது சுகுணா பீரோ முன்னால் நின்றுகொண்டிருந்தார். தட்டை ஒரு ஜாக்கெட் துணியில் சுற்றிக் கல்யாணப் பட்டுக்கு அடியில் செருகிக்கொண்டிருந்தார்.

"சும்மா ஒரு ஓரமா கெடந்துட்டுப் போவுது," என்றார், திரும்பிப் பார்க்காமல். "தீர்த்தம்மாக்காகிட்ட மட்டும் சொல்லிராதீங்க."

வாசகர்களே, தட்டிலிருந்த கிருமி அமிலத்தில் எப்போதோ செத்துவிட்டது, அதைப் பற்றிப் பயம் வேண்டாம். பயப்பட வேண்டியது இருக்கட்டும் என்கிற அந்த இன்னொரு கிருமிக்கு. சுகுணாவுக்கே ஒட்டிக்கொண்டது என்றால் யாருக்குத்தான் ஒட்டாது? எனக்கு இல்லை என்கிறீர்களா? ரொம்ப சந்தோஷம். ஒரு சின்னப் பரிசோதனை செய்துவிடலாம், இதற்கு ரத்தம் தரவேண்டியதில்லை. எழுந்து உங்கள் சமையலறைக்குப் போய், அடுப்புக்குக் கீழே இருக்கிற அந்தக் கதவைத் திறந்து பாருங்கள். ஹோட்டலிலிருந்து பார்சல் சாம்பார் வந்த பிளாஸ்டிக் டப்பாக்கள் உள்ளே அடுக்கியிருக்கும். டப்பா ஒரு அளவு, மூடி வேறு அளவு. எந்த மூடியும் எந்த டப்பாவுக்கும் சேராது, அது உங்களுக்கும் தெரியும். ஒன்றே ஒன்றை எடுத்துக் குப்பைத்தொட்டிக்கு மேலே பிடியுங்கள். கையை விடுங்கள்.

என்ன, விட்டீர்களா?

சரி, சரி, உள்ளேயே வையுங்கள். இயந்திரம் உங்கள் பெயரைச் சொல்லிவிட்டது, அதுவும் நல்ல மதிப்பெண்ணோடு.